கிளட்சில் வைத்த கால்

ஆவடியில் கனரக வண்டிகள் தயாரிக்கும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. இப்படிச் சொன்னால் ஏதோ நானே எஞ்சினைப் பிரித்து மாட்டுகிறவன் மாதிரி இருக்கும். ஸ்டோர்ஸில் உட்கார்ந்து போல்ட்டு, நட்டு, வாஷர் எல்லாம் வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆனால் பருத்திப்பட்டில் எங்கள் தெருவில் யாருடைய பைக் மக்கர் செய்தாலும் நேராக என்னிடம் வருவார்கள். நானும் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, "பிளக்குதான், வேற இன்னா" என்பேன். பாதி தடவை பிளக்காகவே இருந்து தொலைக்கும். அந்தத் திமிர்தான் எனக்கு.

பழைய கார் ஒன்று வாங்கினோம். அதை அதிகம் ஓட்டியவள் என் மனைவி. அவளுக்குப் பூந்தமல்லியில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. காலையில் ஷேர் ஆட்டோவில் நாலாவது ஆளாக ஒட்டிக்கொண்டு போனவள், முறையாகப் பயிற்சி எடுத்து, லைசென்ஸ் வாங்கி, முதல் நாள் காரில் தனியாகப் போய்வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் நெஞ்சு குறுகுகிறது. அதைக் கெடுத்தவன் நான்தானே.

ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டாபிராமில் இருக்கும் அவள் அம்மா வீட்டுக்குப் போவோம். அன்று நான்தான் ஓட்டுவேன். மேம்பாலம் வந்தால் எனக்கு ஒரு குஷி. ஏறும்போது முன்னால் வண்டிகள் நின்றால் நான் ஹேண்ட் பிரேக் போட மாட்டேன். கிளட்சைப் பாதி அழுத்தி, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, அந்தரத்தில் நிற்கிற மாதிரி வண்டியை நிறுத்திக் காட்டுவேன். இறங்கும்போது நியூட்ரலில் தள்ளி உருளவிடுவேன். "பாத்தியா, சொட்டு பெட்ரோல் செலவில்ல" என்று அவளிடம் பீற்றிக்கொள்வேன். எந்த நேரமும் நியூட்ரல் போடத் தோதாக என் இடது கால் கிளட்ச் மேலேயே கிடக்கும்.

அவள் ஓட்டி நான் பக்கத்தில் உட்கார்ந்தால் தொலைந்தாள். "எதுக்கு இப்ப பிரேக்கு?" "கியர மாத்து, வண்டி அழுவுது பாரு." "ஏசிய நிறுத்து, கண்ணாடிய எறக்கு." அவள் ரோட்டைப் பார்த்து ஓட்டுவாள். நான் வேண்டுமென்றா செய்தேன்? அக்கறை என்று நினைத்துக்கொண்டேன். பெட்ரோல் விற்கிற விலைக்கு யாராவது சொல்ல வேண்டாமா என்று நினைத்தேன்.

போன வருடம் வண்டி இழுக்காமல் போனது. எஞ்சின் கத்துகிறது, வண்டி நகர மாட்டேன் என்கிறது. பெட்ரோலும் தண்ணீராகக் குடித்தது. வழக்கமாகப் பார்க்கும் மெக்கானிக்கிடம் கொண்டுபோனோம். அவர் பிரித்துப் பார்த்து, "கிளட்ச் பிளேட்டு தேஞ்சிபூட்ச்சி சார்" என்றார். யார் ஓட்டுவது என்று அவர் கேட்கவே இல்லை. என் வாய் சும்மா இருந்தால்தானே.

"பொம்பள கையில வண்டிய குடுத்தா இப்டித்தான் ஆவும்" என்றேன். கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள். அவள் என் பக்கத்தில், கையில் டிபன் பையோடு நின்றிருந்தாள்.

புது பிளேட் போட்டு வண்டி வந்த மறுநாள் காலை சாவி ஆணியில் தொங்கியது. அவள் ஷேர் ஆட்டோவுக்கு நடந்து போய்விட்டாள். கோபம் என்று ஒரு சொல் இல்லை, சண்டை இல்லை. சாயங்காலம் "இன்னா, வண்டி எடுக்கலியா?" என்று கேட்டதற்கு, "ஆட்டோவே சௌகரியமா கீதுங்க" என்றாள். நான் சமாதானம் செய்யவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், இனி மைலேஜ் ஏறும் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்கூட. என் பைக்கை வீட்டில் போட்டுவிட்டுக் காரை நானே எடுத்துக்கொண்டு தொழிற்சாலைக்குப் போகத் தொடங்கினேன். மழைக்காலம் முழுக்க அவள் முழங்கால் வரை நனைந்து வீடு வந்தாள். நான் காய்ந்த சட்டையோடு உட்கார்ந்து காபி குடித்தேன்.

மைலேஜ் ஏறவில்லை. ஒரு வருடம் முடிவதற்குள் வண்டி பழையபடி கத்தியது. அதே மெக்கானிக். மறுபடியும் கிளட்ச் பிளேட். எடுத்து வெளிச்சத்தில் காட்டினார். வழவழவென்று தேய்ந்து, கருகிய வாடை அடித்தது.

"இப்ப யாரு சார் ஓட்றது?"

"நான்தான்."

"மேடம்?"

"அவங்க எடுக்கறதே இல்ல."

அவர் துணியில் கையைத் துடைத்தபடி என் கால்களைப் பார்த்தார். "கால கிளட்ச் மேலயே வெச்சிகினு ஓட்டுவியா சார்? மேட்டுல பாதி கிளட்ச்ல நிப்பியா?" நான் தலையாட்டினேன். "அதான் பிளேட்டு தேயுது" என்றார். "நியூட்ரல்ல எறக்கத்துல வுடுவேன், பெட்ரோல் மிச்சமாவும்னு" என்றேன், அப்போதும் விடாமல். அவர் சிரித்துவிட்டார். "இந்த வண்டில கியர்லயே ஆக்சிலரேட்டர்லேர்ந்து கால எடுத்துனு எறங்கு சார். பெட்ரோல தானா நிறுத்திக்கும். நியூட்ரல்ல வுட்டாதான் குடிக்கும்." பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, "அன்னிக்கி அந்தம்மாவ எல்லார் எதிர்லயும் சொல்லிட்டியே சார்" என்றார்.

வெட்கம் பிடுங்கித் தின்றது. ஸ்டோர்ஸில் ஒரு வாஷர் குறைந்தால்கூட மூன்று தடவை சரிபார்த்த பிறகுதான் ஒருவரைக் குற்றம் சொல்வேன். கட்டினவளுக்கு அந்த மரியாதையைக்கூட நான் தரவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வந்ததும் சொல்லிவிட்டேன். "பிளேட்டு மறுபடியும் போய்ட்ச்சி, புதுசு போட்டாச்சி. ரெண்டு தடவையும் என்னாலதான். நீ ஒண்ணும் பண்ணல."

அவள் பையை மேசையில் வைத்தாள். "தெரியும்ங்க."

"தெரியுமா?"

"டிரைவிங் கத்துக் குடுத்தவரு மொதல் நாளே சொன்னாரு, கிளட்ச் மேல கால வெக்கக் கூடாதுன்னு. ஞாயித்திக்கெழம ஞாயித்திக்கெழம பக்கத்துல உக்காந்து உங்க காலத்தானே பாத்துகினு வந்தேன்."

"அப்ப அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?"

"வண்டி செய்ற எடத்துல வேல பாக்கறவரு நீங்க. நான் சொன்னா கேட்டிருப்பீங்களா?"

ஆணியிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன். சாவியைப் பார்த்தாள், என் காலைப் பார்த்தாள். கடைசியில் வாங்கிக்கொண்டாள்.

"ஓட்றேன். ஆனா பக்கத்துல நீங்க உக்காரக் கூடாது."

அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டாபிராமுக்கு அவள் காரில் போனாள். நான் பின்னால் பைக்கில் போனேன்.