கேரியரில் உட்கார்ந்து படித்தது

எண்பதுகளின் தொடக்கத்தில் நாங்கள் செல்லூரில் குடியிருந்தோம். பத்தாவது படித்த என் மகள் ஆற்றுப் பாலம் தாண்டி டியூஷனுக்குச் சைக்கிளில் போய்வந்தாள். ஒரு மாலை பாலத்தின் முனையில் டவுன் பஸ்ஸுக்கு முன்னால் சறுக்கி விழுந்தாள். டிரைவர் பிரேக்கை மிதித்துவிட்டார். அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பலத்த அடி எனக்குத்தான். இத்தனைக்கும் நான் அதைப் பார்க்கவேயில்லை, பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரியும். இன்றைக்கும் பஸ் பிரேக் கிரீச்சிட்டால் நின்று திரும்பிப் பார்க்கிறேன்.

மறுநாளே சைக்கிளைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். பள்ளி விட்டு அவள் நடந்து போய்ச் சேர்வதற்குள் பாதி வகுப்பு முடிந்துவிடும். கணக்கில் மார்க் சரிந்தது. என்னோடு பேச்சும் குறைந்தது.

எதற்கும் புத்தகத்தைத் தேடுவது என் பழக்கம். பழைய புத்தகக் கடையில் இரண்டு வாங்கினேன். ரோமாபுரிச் சிந்தனையாளர்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம், நடக்கக்கூடிய கெட்டதையெல்லாம் காலையிலேயே மனதில் ஓட்டிப் பார்த்துவிட்டால் பயம் தெளியும் என்றது. கண்ணை மூடி உட்கார்ந்தேன். பஸ், லாரி, மாட்டுவண்டி என்று வரிசையாக வந்தன. காபி ஆறிப்போனது. என்ன செய்கிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட மனைவிக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பிள்ள பெறந்த நாள்லருந்து அதத்தான செய்றீங்க? இதுக்குப் பொஸ்தகம் வேறயா?"

சீன ஞானிகளைப் பற்றிய இன்னொரு புத்தகம், எதையும் இறுக்கிப் பிடிக்காமல் அதன் போக்கில் விடச் சொன்னது. அது எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. சாவியைப் பையில் வைத்துக்கொண்டே திரும்பத் திரும்பப் படித்தேன்.

மகள் அதைப் புரட்டினாள். "அப்பா, இதப் படிச்சீங்களா, தலைக்கு வச்சுப் படுத்தீங்களா?" என்றாள். பிறகு, "நீங்களே பின்னாடி உக்காந்து பாருங்க. எனக்கு ஓட்டத் தெரியலன்னா சாவியவே கேக்க மாட்டேன்" என்றாள்.

அன்று மாலை சாவியைக் கொடுத்துவிட்டுக் கேரியரில் ஏறினேன். இருபுறமும் தறிச் சத்தம் கேட்கும் சந்து. டீக்கடையிலிருந்து ஒரு குரல்: "என்னண்ணே, பொம்பளப் பிள்ளைய மிதிக்கவிட்டு சவாரியா?"

"டிரைவிங் டெஸ்ட்டு, மாப்ள!" என்று கத்தினேன்.

பாலத்தில் ஏறியதும் எதிரே பஸ். சீட்டுக் கம்பியை இறுகப் பிடித்து ஒரு பக்கமாகச் சாய்ந்தேன். சைக்கிள் நெளிந்தது.

"வெறைக்காதீங்கப்பா! நீங்க சாயிறதுலதான் வண்டி ஆடுது. சும்மா உக்காருங்க!"

தோளைத் தளர்த்தி மூச்சை விட்டேன். சைக்கிள் நேரானது. பஸ் எங்களைக் கடந்து போனது. பயம் போனால்தான் சும்மா இருக்க முடியும் என்று நினைத்திருந்தேன். பயந்துகொண்டே சும்மா இருக்கவும் முடிகிறது! ரோமாபுரிக்கும் சீனத்துக்கும் நடுவில் எங்கேயோ இதை எழுதி வைத்திருப்பார்கள். என் கண்ணில்தான் படவில்லை.

மறுமுனையில் அவள் நிறுத்தினாள். மூச்சு வாங்கியது.

"எம்புட்டுக் கனம்ப்பா நீங்க! எறங்குங்க, டியூஷனுக்கு நேரமாச்சு. சாவி இனி எங்கிட்டயே இருக்கட்டும்."

"சரி" என்றேன். அதற்குமேல் வாய்வரை வந்த எச்சரிக்கைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டேன்.

"போறேன்ப்பா" என்று மிதித்தாள். திரும்பிப் பார்க்காமல் வீடுவரை நடந்துவிட வேண்டும் என்று கிளம்பினேன். பாதிப் பாலம்வரை முடிந்தது.