வாடை போன கொழுப்பு

எங்கள் தெருவில் கல்யாண வீட்டுக்குள் வந்த பிறகும் கையுறையைக் கழற்றாத ஒரே பெண் என் ஓரகத்தி சாய்ராதான். தேநீர் கொடுத்தால், சட்டைக் கையை விரல் நுனிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, துணியோடு சேர்த்துத்தான் கோப்பையைப் பிடிப்பாள். புதிதாக வந்த மருமகள்கள் அவளுக்குக் கர்வம் என்று நினைத்துக்கொள்வார்கள். கர்வமா, அவளுக்கா? நடுவில் ஒரே ஒரு குளிர்காலம் மட்டும் அவள் கையை வெளியே காட்டிக்கொண்டு திரிந்தாள். அந்தக் கதையைத்தான் சொல்ல வந்தேன்.

எங்கள் மலையூர் அட்-பாஷியில் குளிர் இறங்கினால் எல்லோருக்கும்தான் தோல் வறண்டு உரியும். சாய்ராவுக்கு வெடிப்பது வேறு ரகம். மேய்ச்சல் முகாமில் பிறந்து, நடக்கத் தெரிந்த நாளிலிருந்து பனிக்கட்டியை உடைத்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டியவள். இங்கே வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலை. நவம்பரில் விரல் மூட்டுகள் பிளந்தால், புல் முளைக்கும்போதுதான் மூடும். மாவு பிசைந்தால் மாவில் சிவப்புக் கோடு விழும். அவளுக்கும் எனக்கும் ஒரே மாமியார், அந்தப் புண்ணியவதி, சாய்ரா வந்த முதல் குளிர்காலத்திலேயே, நிறைந்த விருந்துக்கு நடுவில் சொல்லிவிட்டார்: "இவ சுட்ட ரொட்டிய நீங்க வேணா தின்னுங்க. எனக்கு ரத்த ருசி ஆகாது." எல்லோரும் சிரித்தார்கள். அன்று இழுத்துவிட்ட சட்டைக் கைதான்.

போன வருஷம் சாய்ராவின் தங்கை மகள் ஐசாதா தலைநகர் பிஷ்கெக்கிலிருந்து வந்தபோது, ஒரு சின்னக் கண்ணாடி டப்பாவைக் கொண்டுவந்தாள். வெளிநாட்டுச் சரக்கு. மூடியில் பூ சூடிய மாடு ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. குளிரில் வறண்ட தோலுக்கு மாட்டுக் கொழுப்பாம். அவள் சொன்ன விலையைக் கேட்டு சாய்ராவின் கணவர், என் மைத்துனர் சாகின், வாயிலிருந்த தேநீரைத் துப்பிவிட்டார்.

"இத நான் பூட்ஸுக்குத் தேய்க்கிறேன். பட்டணத்துக்காரிங்க மூஞ்சிக்குத் தேய்க்கிறாளுங்களா?"

"பெரியப்பா, நீங்க உங்க பூட்ஸ ஒரு தடவ மோந்து பாருங்க. இது அப்படி நாறாது."

சாய்ரா டப்பாவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். "சரியா அலசல," என்றாள். "இன்னும் மாடு இருக்கு இதுல."

அப்படித்தான் ஆரம்பித்தது. குளிர்காலத்துக்கு அறுத்த மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் குண்டிக்காய்க் கொழுப்பை எடுத்துப் பொடிப்பொடியாக நறுக்கி, உப்புத் தண்ணீர் ஊற்றி, கொப்பரையில் மெதுவாக உருக்கினாள். வாசலில் வைத்தால் உறைந்து மேலே தட்டாக நிற்கும். அடியில் தங்கிய அழுக்கைச் சுரண்டி எறிந்துவிட்டு மறுபடியும் உப்புத் தண்ணீரில் உருக்குவாள். மாட்டின் வாடை மொத்தமும் தண்ணீரோடு போய்விடும். பிறகு ஆற்றங்கரை முள்செடியில் பழுக்கும் ஆரஞ்சு நிறப் பொடிப் பழத்தின் எண்ணெயைக் கொஞ்சம் விட்டுக் கரண்டியால் அடித்தால் வெண்ணெய் போல வரும். கையில் தேய்த்தால் உள்ளே இறங்கிவிடும். டிசம்பர் முடிவதற்குள் சாய்ராவின் வெடிப்புகள் மூடிக்கொண்டன.

எங்கள் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அவள் எல்லோர் முன்னாலும் ரொட்டியைப் பிய்த்து வைத்ததை நான் பார்த்தேன். வெறும் கையால். ஒரு துண்டை என் முன்னால் வைத்துவிட்டு, கையைச் சட்டென எடுக்காமல் கொஞ்ச நேரம் மேஜைமேலேயே வைத்திருந்தாள். அவளுக்கு ஐம்பது வயது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயத்தைச் சாக்குச் சொன்னேன்.

ஐசாதா பட்டணத்தில் விற்கத் தொடங்கினாள். டப்பாவில் ஒரு காகிதம் ஒட்டினாள்: "துளி வாடையும் கிடையாது." சாய்ராவுக்கு அந்த வரிதான் பெருமை. வருகிறவர் போகிறவர் மூக்கிலெல்லாம் டப்பாவை நீட்டுவாள். "மோந்து பாருங்க. ஏதாவது வருதா? வராது."

எதிர்வீட்டில் கனிஷாய் அக்கா இருக்கிறார். சாய்ராவைவிடப் பத்து வயது மூத்தவர். அவர் கணவர் முகாஷ் அதற்கு முந்தைய குளிர்காலத்தில் இறந்துபோனார். நல்ல மனிதர். இளவயதில், குதிரைமேல் இருந்துகொண்டு ஆட்டுக்கடாவைப் பறிக்கும் ஆட்டத்தில் யாரோ முழங்கையால் இடித்து மூக்கு உடைந்து, ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. அதிலிருந்து அவருக்கு ஒன்றும் மணக்காது. சாணி மிதித்த பூட்ஸோடு விருந்து விரிப்புவரை வந்துவிடுவார். கனிஷாய் அக்கா திட்டாத நாள் கிடையாது.

வியாழக்கிழமைதோறும் எங்கள் வீடுகளில் இறந்தவர்களுக்காகக் கொழுப்பைக் காயவைத்து ஏழு சின்ன ரொட்டி பொரிப்போம். ரொட்டியை நாங்கள்தான் தின்போம். இறந்தவர்களுக்குப் போவது வாசனை. கொழுப்பு காய்ந்து வாசனை எழும்போது அவர்கள் பெயரைச் சொல்லிக் கையேந்துவோம். வாசனை எழவில்லை என்றால் அவர்கள் பட்டினியாகத் திரும்பிப் போவார்கள். இது குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம்.

பிப்ரவரியில் முகாஷின் வருஷ விருந்து வந்தது. வசதி உள்ளவர்கள் குதிரை அறுப்பார்கள். கனிஷாய் அக்கா தான் வளர்த்த செவலைப் பசுவை அறுத்தார். முகாஷ் கன்றிலிருந்து மேய்த்த பசு. அன்று கொல்லையில் குடல் கழுவியது சாய்ராவும் நானும் இன்னும் சில பெண்களும். தண்ணீர் ஊற்றிய இடத்திலேயே உறையும் குளிர். சாய்ராதான் கடைசிவரை கையை எடுக்காமல் கழுவினாள்.

விருந்து முடிந்ததும், வழக்கம்போல ஒவ்வொருத்திக்கும் வீட்டுக்குப் பங்கு கட்டிக் கொடுத்தார் கனிஷாய் அக்கா. சாய்ராவுக்கு மட்டும் குண்டிக்காய்க் கொழுப்பு முழுசும்.

"எதுக்குக்கா இவ்ளோ? பெர்மெத்துக்கு வைங்க." பெர்மெத் அவருடைய மகள். பட்டணத்தில் இருக்கிறாள்.

"அவ எங்கடி ரொட்டி சுடப்போறா, கடையில வாங்கித் திங்கிறவ. நீ கொண்டு போ. இந்த வியாழக்கிழமை இதுல ரொட்டி சுட்டு அவர் பேரைச் சொல்லு. உன் வீட்டுலயும் அவருக்கு ஒரு வாய் கெடைக்கட்டும்."

"சுடுறேன்க்கா," என்றாள் சாய்ரா. மனசாரத்தான் சொன்னாள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை.

மறுநாளே ஐசாதாவின் போன். சரக்கு தீர்ந்துவிட்டது, பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், பெரியம்மா ஏதாவது செய்யணும். பிப்ரவரியில் எங்கள் ஊரில் எந்த வீட்டில் கொழுப்பு இருக்கும்? அறுத்ததெல்லாம் தின்று தீர்த்திருப்போம். சாய்ரா மூட்டையைப் பார்த்தாள், கொப்பரையைப் பார்த்தாள். ஆபத்துக்குப் பாவமில்லை, வேறு கொழுப்பு கிடைத்ததும் அதில் சுட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாளாம். பணத்துக்காக என்று நான் நினைக்கவில்லை. "உன் கைப்பக்குவம்" என்று யாராவது சொல்வதை அவள் அதற்குமுன் கேட்டதே கிடையாது. அந்தச் சொல் தீர்ந்துபோய்விடக் கூடாது என்று பயந்தாள். அறிவு கெட்டவள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தெருவில் கனிஷாய் அக்கா அவளை நிறுத்திக் கேட்டார். "நேத்து ரொட்டி சுட்டியா?"

"சுட்டேன்க்கா."

"அப்படியா. நான் சாயங்காலம் முழுக்க ஜன்னலத் தெறந்து வச்சிருந்தேன். காத்து அந்தப் பக்கம் போயிருக்கும்போல."

அந்தக் குளிரில் ஜன்னலைத் திறந்து வைத்தார் என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும், அந்த வாசனைக்கு எவ்வளவு ஏங்கியிருப்பார் என்று. சாய்ரா வீட்டுக்குப் போய்க் கொழுப்பு தேடியிருக்கிறாள். கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் அது அந்தச் செவலையின் கொழுப்பாகுமா?

மார்ச் மாதம் எங்கள் இரண்டு பேரையும் கனிஷாய் அக்கா தேநீருக்குக் கூப்பிட்டார். விரிப்புமேல் ஒரு டப்பா இருந்தது. நீல மூடி.

"பாருடி சாய்ரா. எம்மவ அனுப்பியிருக்கா. பட்டணத்துல ஒரு பொண்ணுகிட்ட வாங்கினாளாம். எடுத்துப் பாத்தா நம்ம தெரு சரக்கு. எதிர்வீட்டுல இருந்து எதிர்வீட்டுக்கு வர்றதுக்கு மலையத் தாண்டிப் போயிட்டு வந்திருக்கு."

நான் சிரித்தேன். சாய்ரா சிரிக்கவில்லை.

"விருந்து வேலையில என் கை எப்படிக் கெடந்துச்சு, இப்பப் பாரு." கனிஷாய் அக்கா கையை விரித்துக் காட்டினார். பிறகு டப்பாவிலிருந்து விரலால் வழித்து, சாய்ராவின் கையைப் பிடித்து இழுத்து, அதிலும் தேய்த்துவிட்டார். "ஊருக்கெல்லாம் மருந்து குடுக்குறவ, நீ பூசிக்கிறியோ இல்லையோ. என்னமா மஞ்சளா இருக்கு பாரு. நல்ல புல்லு தின்ன மாடுதான் இப்படி இருக்கும்."

சாய்ரா எழுந்துவிட்டாள். வயிறு சரியில்லை என்றாள். நான் பின்னாலேயே ஓடினேன். எங்கள் கொல்லையில், பனியை அள்ளி அள்ளிக் கையில் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொழுப்பு பனிக்குப் போகுமா? பிப்ரவரியில் செய்து அனுப்பிய நீல மூடி டப்பாக்கள் எல்லாம் அந்தச் செவலையின் கொழுப்புதான் என்று அப்போதுதான் என்னிடம் சொன்னாள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "உனக்குப் புத்தி எங்கக்கா போச்சு? செத்தவரோட பங்க வித்தியா?"

"வித்தது இல்லடி." அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "வித்தாக்கூடப் பணத்தத் திருப்பிக் குடுத்துடலாம். நான் அவரு வாசனைய உப்புத் தண்ணியில அலசிச் சாக்கடையில ஊத்திட்டேன். ரெண்டு தடவ அலசினேன். சுத்தமா போகணும்னு."

எனக்குக் கோபம் அப்படியே நின்றுவிட்டது. "சொல்லாதக்கா. யாருக்குத் தெரியும்?" என்றேன்.

"எனக்கு," என்றாள்.

அதற்குப் பிறகு அவள் பூசவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சு குறுகுறுத்ததைவிடக் கை வெடித்ததுதான் கண்ணுக்குத் தெரிந்தது. மறுபடியும் கையுறை. கனிஷாய் அக்கா எதிரே வந்தால் சந்துக்குள் திரும்பிவிடுவாள். அடுத்த வியாழக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கு வந்து, "கூட வா. தனியா போனா பொய் சொல்லிடுவேன்," என்றாள்.

நாங்கள் போனபோது கனிஷாய் அக்கா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். கொப்பரை அடுப்பில் இருந்தது. சாய்ரா உட்காரவே இல்லை. வாசல் பக்கத்தில் நின்றபடி, தரையைப் பார்த்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னாள். ரொட்டி சுடாததை, சுட்டேன் என்றதை, நீல மூடியை. சொல்லி முடித்துவிட்டு, "என்னைத் திட்டுங்கக்கா," என்றாள்.

கனிஷாய் அக்கா திட்டவில்லை. கை மாவைத் துடைத்தார். அலமாரியிலிருந்து அந்த டப்பாவை எடுத்துவந்தார். பாதிக்குமேல் இருந்தது. கரண்டியால் மொத்தத்தையும் வழித்துக் கொப்பரையில் போட்டார். அடியை நனைக்கும் அளவுக்குத்தான் வந்தது. காய்ந்ததும் மாவில் சின்னதாக ஒரு உருண்டை கிள்ளித் தட்டி உள்ளே போட்டார். சுற்றிலும் நுரை வந்தது. பொரிகிற சத்தம் கேட்டது. அவர் கண்ணை மூடிக்கொண்டு கையேந்தி நின்றார். நாங்களும் கையேந்தினோம்.

நான் மூச்சை நன்றாக இழுத்துப் பார்த்தேன். மாவு வெந்த வாசனை வந்தது. பழ எண்ணெயின் புளிப்பு லேசாக வந்தது. மாடு வரவில்லை. அவ்வளவு நன்றாகச் செய்திருந்தாள்.

ரொட்டி கருகத் தொடங்கிய பிறகுதான் கனிஷாய் அக்கா கண்ணைத் திறந்தார். கொப்பரையை இறக்கி வைத்தார்.

"போடி, அழாத," என்றார். "உயிரோட இருக்கும்போதே அவருக்கு மூக்கு வேல செய்யல. இப்ப மட்டும் என்னத்த மோந்துடப் போறாரு. சாணிக்கும் சாப்பாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷன்."

சாய்ரா தலையை நிமிர்த்தினாள். சிரிக்கலாமா என்று தெரியாமல் என்னைப் பார்த்தாள்.

"எனக்குத்தான்டி," என்றார் கனிஷாய் அக்கா. "எனக்கு ஒரு தடவ வந்திருக்கலாம்."

அவர் போய், திறந்திருந்த ஜன்னலைச் சாத்தினார். சாய்ரா சட்டைக் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டாள்.