முதலாவதாக எழுதச் சொன்னவர்

தொண்ணூறுகளின் நடுவில், போர் நடந்துகொண்டிருந்த கிழக்கிலங்கையில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகமொன்றின் உலக சுகாதாரத் துறையினர் சாய்ந்தமருதுக்கு வந்தார்கள். வரும் ஆண்டுகளில் எதை முதலில் ஆராய வேண்டும் என்று ஊராரிடம் கேட்டார்கள். நான் மொழிபெயர்த்தேன்.

அங்கேதான் ஊர் மருத்துவிச்சி ஒருவரைக் கண்டேன். மெலிந்த, கறுத்த பெண். பேசுமுன் இரு கைகளையும் சேலையில் துடைத்துக்கொள்வார்.

“ஊரடங்குல வலி வந்தா ஆஸ்பத்திரிக்குப் போகேலா. ரெண்டு புள்ளத்தாச்சி என்ட கையிலயே மௌத்தாப் போனாங்க. இத முதலாவதா எழுதச் சொல்லுங்க, மகன்.”

நான் மொழிபெயர்த்ததும், வந்திருந்த பேராசிரியர் அந்த இரண்டு மரணங்களையும் கண்கலங்க எழுதிக்கொண்டார்.

மறுவருடம் அறிக்கை வந்தது. அட்டையில் மருத்துவிச்சியின் படம் இருந்தது. உள்ளே அவர் சொன்னது எங்குமே இல்லை. அவருக்குத் தமிழில் வாசித்துக் காட்டினேன்.

“நான் சொன்னத்த நீங்க சரியாத்தான் சொன்னீங்களா?”

“ஓம்” என்றேன்.

அவர் நம்பவில்லை. பிறகு கல்முனைச் சந்தையில் என்னைக் கண்டால் முகம் திருப்பிக்கொள்வார். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் போய்க் கேட்கக்கூடிய தூரத்தில் நான் ஒருவன்தானே இருந்தேன்.