கல்கத்தாவிலிருந்து கன்னிவாடிக்கு ஒரு ரிஜிஸ்டர் தபால்

இதை எழுதலாம் என்று உட்காருவதும், வேண்டாம் என்று எழுந்துவிடுவதுமாகப் பத்து வருடத்துக்கு மேல் போய்விட்டது. ஆபீஸ் சங்கதியை வெளியே சொல்லக் கூடாது என்று ஒரு காரணம் வைத்திருந்தேன். அது பாதிதான். மீதிப் பாதி, நான் செய்த பிசகை நம் ஊர்க்காரர்கள் கண்ணில் படும்படி எழுத எனக்கு மனசு வரவில்லை. ஒருமுறை இங்கே கோவிலில் பாவசங்கீர்த்தனம் செய்தபோது இதையும் சேர்த்துச் சொன்னேன். பெல்ஜியம் தேசத்துச் சாமியார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கடிதம் டைப் அடிப்பது பாவத்தில் சேராது. வேறு ஏதாவது இருக்கிறதா?" என்றார். அவர் மேல் குற்றமில்லை. நான் செய்தது என்னவென்று விளங்க அவர் திண்டுக்கல் பக்கம் பிறந்திருக்க வேண்டும். அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கும், என்னைப் போல் ஊரை விட்டு வந்து பிழைக்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யும் டைப்ரைட்டிங் ஹையரும் முடித்துவிட்டுக் கல்கத்தா வந்தவனுக்கு, கர்த்தர் கிருபையால், ஒரு பெரிய வக்கீல் கம்பெனியில் இடம் கிடைத்தது. திண்டுக்கல்லில் நான் பார்த்த வக்கீல்கள் கட்சிக்காரர் வருவதற்காகக் காத்திருப்பார்கள். வம்பு வந்தவன் வக்கீலைத் தேடிப் போவான். வம்பில்லாதவன் அந்தத் தெருப்பக்கமே போகமாட்டான். இங்கேயோ முதல் சனிக்கிழமை எனக்குக் கொடுத்த வேலை, எங்களிடம் வராதவர்களின் பெயரையெல்லாம் அட்டையில் எழுதுவது. வந்தவர்களுக்கு ஒரு பெட்டி இருந்தது. வராதவர்களுக்குப் பதினொரு பெட்டி. வராதவனுக்கு எதற்கு அட்டை என்று பல நாள் எனக்குப் புரியவில்லை.

புதிதாக ஒரு சாதனத்தைக் கண்டுபிடித்தவர், அதை வேறொருவர் பார்த்துச் செய்து விற்காதபடி சர்க்காரிடம் வாங்கும் உரிமைக்குப் பேடண்ட் என்று பெயர். இந்தியா முழுவதுக்கும் அந்த ஆபீஸ் கல்கத்தாவில்தான். யார் யார் மனுப் போட்டார்கள், எந்த ஊர், எதைப் பற்றி என்று கெஜட்டில் ஒற்றை வரியாகப் போடுவார்கள். எந்த வக்கீல் மூலம் போட்டார்கள் என்பதை நாங்கள் விசாரித்துச் சேர்த்துக்கொள்வோம். அரிசியில் கல் பொறுக்குகிற மாதிரி அலுப்பான வேலை என்றுதான் நினைத்தேன். ஆறு மாதத்தில் அந்த அட்டைகள் என்னோடு பேச ஆரம்பித்துவிட்டன. ஒரு சணல் மிஷின் கம்பெனி மூன்று வருடமாக ஒரே வக்கீல் மூலம் மனுப் போட்டு வந்தது. திடீரென்று இரண்டு மனுக்கள் வேறு வக்கீல் பெயரில் வந்தன. பேடண்ட் பிரிவுக்குப் பொறுப்பான மித்ர பாபு அந்த அட்டைகளை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, "அந்த வீட்டில் ஏதோ மனஸ்தாபம். இன்றைக்கே எழுது" என்றார். அடுத்த மாதம் அந்தக் கம்பெனி எங்களிடம் வந்தது. ஜெர்மனியிலுள்ள வக்கீல் ஒருவர் இங்கே அனுப்பும் மனுக்கள் யார் கைக்குப் போகின்றன என்று ஒழுங்காகக் குறித்துவைத்து, ஜெர்மனிக்குப் போக வேண்டிய எங்கள் மனுக்களை உமக்கு அனுப்புகிறோம், இங்கே வரும் உம்முடையவற்றை எங்களுக்கு அனுப்பும் என்று அவருக்கு எழுதுவோம். "ஒரு மனிதன் என்ன யோசிக்கிறான் என்பது அவன் பெண்சாதிக்குத் தெரியுமுன் கெஜட்டுக்குத் தெரிந்துவிடும்" என்பார் பாபு.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்த தந்திரம் என்று வியந்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் எங்கள் ஊர்க் கோவிலில் பாண்டு செட்டு வைத்திருந்த சூசை நினைவுக்கு வந்தார். இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம் என்று பூசையில் கல்யாண ஓலை வாசிக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் முதல் பூசைக்குத் தவறவே மாட்டார். பக்தி என்று எண்ணியிருந்தேன். ஓலையில் பெயர் வந்த வீட்டுக்கு மத்தியானத்துக்குள் போய் நிற்பார். அந்த வீட்டின் முந்தின கல்யாணத்துக்கு எந்தச் செட்டு வாசித்தது, கிளாரினெட் சரியில்லை என்று எந்த மாமனார் குறைப்பட்டார் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். இதை மித்ர பாபுவிடம் சொன்னபோது அவர் வெகுநேரம் சிரித்து, "அந்த சூசை பாபுவுக்கு நம் ஆபீஸில் நாற்காலி போடலாம்" என்றார்.

எங்களுக்கு மிகவும் பிடித்த அட்டைகள், வக்கீல் யாரும் இல்லாமல் தானாகவே மனுப் போட்டவர்களுடையவை. முதலில் சுருக்கமாக எழுதிப் போட்டால் போதும். ஒரு நம்பர் கொடுப்பார்கள். ஆனால் ஒன்பது மாதத்துக்குள் முழு விவரத்தையும் படத்தோடு எழுதிப் போட வேண்டும். போடாவிட்டால் மனு செத்துப்போகும். பாதிப் பேருக்கு இது தெரியாது. நம்பர் வந்ததையே பேடண்ட் வந்ததாக நினைத்து வெற்றிலை பாக்கு வைத்துவிடுவார்கள். அவர்களுக்கு நாங்கள் கடிதம் எழுதுவோம். சட்டம் இப்படி இருக்கிறது, தவறினால் மனு போய்விடும், நாங்கள் செய்து தருகிறோம் என்று.

ஒரு சனிக்கிழமை கெஜட்டில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். வெள்ளைச்சாமி, கன்னிவாடி, மதுரை ஜில்லா. மாடு கட்டித் தண்ணீர் இறைக்கும் கமலைக்கு ஒரு பாதுகாப்புச் சாதனம். வக்கீல் கிடையாது. ஆளை எனக்குத் தெரியாது. கன்னிவாடிக்கே நான் இரண்டு தடவைதான் போயிருப்பேன். ஆனாலும் அந்த அச்செழுத்தைப் பார்த்ததும் சொந்தக்காரர் ஒருவர் ஹௌராவில் வந்து இறங்கியதுபோல் இருந்தது. இங்கே எல்லாரும் "உன் தேஷ் எங்கே?" என்று ஊரைக் கேட்பார்கள். திண்டுக்கல் என்பேன். "ஓ, மெட்ராஸ்" என்பார்கள். இதோ பார் என்று கெஜட்டைத் தூக்கிக் காட்ட வேண்டும் போல் இருந்தது.

அந்தச் சந்தோஷத்தில்தான் பிசகினேன். மற்றவர்களுக்குச் சாதாரணத் தபாலில் போகும் கடிதம். நம் ஊர்க்காரர், தவறவிடக் கூடாது என்று, தலைப்பில் வக்கீல்கள் பெயர் வரிசையாக அச்சடித்த கெட்டிக் காகிதத்தில் இங்கிலீஷில் அடித்து, தவறினால் மனு கைவிடப்படும் என்ற வரியை மட்டும் சிவப்பு ரிப்பனில் அடித்து, அதற்கு அடிக்கோடும் போட்டு, பெற்றுக்கொண்டவர் கையெழுத்துப் போட்டு அனுப்பும் சீட்டு வைத்து ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். கடிதத்தின் அடியில் டைப் அடித்தவன் முதலெழுத்தாக ஏ.எஸ். என்று பெருமையாகப் போட்டேன்.

நான்கு வாரம் கழித்து ஆபீஸுக்கு ஒரு தமிழ் கார்டு வந்தது. அத்தனை பேரும் அதைக் கைமாற்றிப் பார்த்துவிட்டு என் மேஜைக்கு அனுப்பினார்கள். "கீ லிகேசே?" என்று மித்ர பாபு கேட்டார். என்ன எழுதியிருக்கிறான் என்பது அதற்கு அர்த்தம். நான் படித்தேன்.

"கல்கத்தா வக்கீலய்யா சமூகத்துக்குக் கன்னிவாடி வெள்ளைச்சாமி கும்பிட்டு எழுதிக்கொண்டது. உங்கள் நோட்டீசு கிடைத்தது. சிவப்பு வரியில் கைவிடச் சொல்லியிருப்பதாக இங்கிலீசு தெரிந்த ஒருவர் படித்துச் சொன்னார். உங்கள் கட்சிக்காரர் யாரென்று எனக்குத் தெரியாது. அவருடைய சாமானை நான் கண்ணால் பார்த்ததில்லை. என் காளை கால் முறிந்ததால் நானாக யோசித்துச் செய்த கொக்கி. இப்போது கழற்றிவிட்டேன். இனித் தொடமாட்டேன். கேசு போட வேண்டாம்."

"கட்சிக்காரரா? எந்தக் கட்சிக்காரர்?" என்றார் பாபு. எங்கள் ஊரில் வக்கீலிடமிருந்து ரிஜிஸ்டர் தபால் வந்தால் அது வக்கீல் நோட்டீஸ், அதற்கு அடுத்து கோர்ட்டு, வேறு எதற்கும் வக்கீல் கடிதம் எழுதியதை யாரும் பார்த்ததில்லை என்று விளக்கினேன். சொல்லச் சொல்லத்தான் எனக்கே உறைத்தது. இதைப் பாபு அறியாதிருக்கலாம். நான் எப்படி மறந்தேன்? பாபு சிரிக்கப் போனவர் நிறுத்திக்கொண்டு, எழுந்து போய் 'பதில் இல்லை' என்று எழுதிய பெட்டியைத் தூக்கிவந்து என் முன் வைத்தார். பதில் போடாதவர்கள் அக்கறையில்லாதவர்கள் என்றுதான் இத்தனை வருடம் நாங்கள் கணக்கு வைத்திருந்தோம். "இதில் எத்தனை பேர் பயந்தவர்கள்?" என்றார். அட்டைக்கு அதைச் சொல்லத் தெரியவில்லை.

தமிழில் பதில் எழுத அனுமதி கேட்டேன். தனக்குப் படிக்கத் தெரியாததில் கம்பெனி கையெழுத்துப் போட முடியாது, உன் பெயரில் வேண்டுமானால் எழுது என்றார். எழுதினேன். பதில் வரவில்லை. மாதங்கள் போயின. மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மைப் பூசைக்கு லீவு எடுத்து ஊருக்கு வந்தேன். பூசை முடிந்த மறுநாள், அந்த ஒன்பது மாதத்தில் பன்னிரண்டு நாள்தான் பாக்கி இருக்க, காலையிலேயே கன்னிவாடி பஸ் ஏறினேன்.

தோட்டத்து வாசலில் வெள்ளைச்சாமியின் மனைவி ராக்கம்மா அக்கா மாட்டுக்குத் தீவனம் கலந்துகொண்டிருந்தார். திண்டுக்கல்காரன், இப்போது கல்கத்தாவில் வேலை என்றேன். கல்கத்தா என்றதும் கலப்பதை நிறுத்திவிட்டுக் கிணற்றுப் பக்கம் பார்த்தார். அங்கிருந்து நரைத்த மீசையோடு வந்த வெள்ளைச்சாமி என்னை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"கொக்கி கிக்கி ஒண்ணும் இங்க இல்ல சார். வேணும்னா வந்து பாத்துக்கங்க."

"நான் அதுக்கு வரலண்ணே."

"பெறகு எதுக்கு அம்புட்டுத் தூரத்துலருந்து வருவாக? எந்தப் பக்கத்துக்குப் பேச வந்திருக்கீக, மொதல்ல அதைச் சொல்லுங்க."

அவர் மனு பிழைக்க வேண்டும் என்று நினைத்தது நிஜம். எங்கள் பெட்டியில் அவர் அட்டை விழுந்தால் பாபு மெச்சுவார் என்று நினைத்ததும் நிஜம். அந்தத் தபாலைக் கொண்டுவரச் சொன்னேன். பத்திரங்கள் வைக்கும் தகரப் பெட்டியிலிருந்து எடுத்துவந்தார். பக்கத்திலேயே என் தமிழ்க் கடிதமும் இருந்தது. கல்கத்தா முத்திரையைப் பார்த்துப் பிரிக்காமலே வைத்துவிட்டார். நான் அடியிலிருந்த எழுத்தைத் தொட்டுக் காட்டி, "இந்த ஏ.எஸ். நான்தாண்ணே. டைப் அடிச்சது நான். சிவப்புல அடிச்சு ரிஜிஸ்டர் போட்டதும் நான். இது நோட்டீசே இல்லை" என்றேன். அது என்னவென்றும், இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது என்றும் இரண்டு பேருக்கும் விளக்கினேன்.

"ஏன் தம்பி, அஞ்சு மாசமா இந்த மனுசன் தபால்காரரைக் கண்டா சோளக்காட்டுக்குள்ள ஓடுறாரு" என்றார் அக்கா. "நீ அங்கன வெஞ்சனத்தோட சோறு தின்னுட்டுச் சிவப்புல கோடு இழுத்தியாக்கும்."

"ஏலே, நம்மூர்க்காரனா இருந்துக்கிட்டு ரிஜிஸ்டர்லயா போடுவ? ஒரு கார்டுல தமிழ்ல நாலு வரி எழுத ஒனக்குக் கை வலிக்குதோ?" என்றார் அண்ணன்.

சார் போய் ஏலே வந்ததில் எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அவர் விடவில்லை. கையைப் பிடித்து மாட்டுக் கொட்டத்துக்கு இழுத்துப்போய், இடப்பக்கம் பூட்டும் காளையைக் காட்டினார். முட்டி இரண்டும் தேய்ந்து, வேப்பெண்ணெய் தடவியிருந்தது. இறைக்கும்போது மாடு தடுக்கினால் தண்ணீர் நிறைந்த பெரிய வாளியான சால் கிணற்றுக்குள் பாய்ந்து, மாட்டையும் பின்னுக்கு இழுத்துவிடும். அவர் செய்த கொக்கி அப்போது சாலை இழுக்கும் வடக் கயிற்றைக் கவ்விப் பிடித்துக்கொள்ளும். ஓட்டுகிறவர் கையிலிருக்கும் சின்னக் கயிற்றை விட்டால் போதும். முதல் காளை கால் முறிந்ததில் அதை யோசித்தவர், என் கடிதம் பார்த்து அதைக் கழற்றினார். கழற்றிய பிறகு, போன மாதம் இந்தக் காளை சறுக்கியிருக்கிறது. வாயில்லாச் சீவனின் முட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

"செத்த நேரம் அழுதது போதும். பன்னெண்டு நாள்னியே, என்ன செய்யணும் சொல்லு" என்றார் அண்ணன்.

எங்கள் கம்பெனி மூலம் போட்டால் நறுவிசாக எழுதித் தருவார்கள், தானாகவும் போடலாம், இரண்டுக்கும் சட்டம் இடம் கொடுக்கிறது என்றேன். "எனக்கு யார் மேலயும் கேசு இல்லப்பு. வக்கீல் எதுக்கு?" என்றார். அத்தனை பெட்டி அட்டையையும் புரட்டினாலும் அதற்குப் பதில் கிடைத்திருக்காது. வைக்கோல் படப்புக்குள் ஒளித்துவைத்த கொக்கியை உருவி எடுத்தார். அவர் சொல்ல நான் எழுதினேன். திண்டுக்கல் நாகல் நகரில் நான் டைப் படித்த இன்ஸ்டிடியூட்டில் உட்கார்ந்து இங்கிலீஷில் அடித்தேன். பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் ஒருவர் படம் போட்டார். கையெழுத்து வாங்கி, தபாலை நம்பாமல், நானே ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். வழியெல்லாம் ஜெபமாலை சொன்னேன்.

ஹௌராவிலிருந்து நேராகப் பேடண்ட் ஆபீஸ் போனேன். இன்னும் நான்கு நாள் இருந்தது. கவுண்டரிலிருந்த குமாஸ்தாவுக்கு என்னை வெகு நாளாகத் தெரியும். கொண்டுவந்தவர் பெயர் எழுதும் இடத்தில், நான் வாய் திறக்குமுன், என் பெயரையும் பக்கத்தில் கம்பெனிப் பெயரையும் எழுதிவிட்டார். கம்பெனி இதில் இல்லை, அடித்துவிடுங்கள் என்றேன். அடித்துவிட்டு, "அப்படியானால் இவர் உமக்கு யார்?" என்று வங்காளியில் கேட்டார். "தேஷேர் லோக்" என்றேன், ஊர்க்காரர் என்று. எந்த ஊர் என்றார். ஒரு நாள்கூடக் குடியிருக்காத கன்னிவாடியைச் சொன்னேன். அவருக்கு எழுத்துக்கூட்டத் தெரியவில்லை. பேனாவை உயர்த்திக்கொண்டு சற்று யோசித்துவிட்டு, அடித்த கம்பெனிப் பெயருக்கு மேலே 'மெட்ராஸ்' என்று எழுதி ரசீதைக் கிழித்துக் கொடுத்தார்.

அன்றே மித்ர பாபுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர், தெற்கே போகும் கடிதங்களில் தமிழில் ஒரு வரி நீயே கையால் எழுதிவிடு, அர்த்தம் எனக்குச் சொன்னால் போதும் என்றார். வெள்ளைச்சாமி அண்ணன் மனு பிழைத்து ஏற்கப்பட்டது. கொக்கி கமலையில் ஏறிவிட்டதாகவும், தபால்காரருக்கு இப்போது மோர் கொடுத்து உட்காரவைப்பதாகவும் அக்கா சொல்லி எழுதவைத்த கார்டு வந்தது.

இதைப் படிக்கிறவர்கள் படிக்கத் தெரியாதவர்களுக்குச் சொல்லுங்கள். மனுப் போட்ட யார் வீட்டுக்காவது இப்படி ஒரு தபால் வந்திருக்கலாம். சொல்லும்போது கூட்டவோ குறைக்கவோ வேண்டாம். மித்ர பாபுவைக் கெட்டவராக்காதீர்கள், என்னை நல்லவனாக்காதீர்கள். காளையின் முட்டியை விட்டுவிடாதீர்கள். அந்தக் கடிதத்தை டைப் அடித்தவன் திண்டுக்கல்காரன் என்பதையும் அப்படியே சொல்லுங்கள்.