தூக்கு முடிஞ்சதும் வந்துடறேன்

கருங்காட்டான் செத்தால்தான் அக்காவுக்கு விடுதலை. அவனோ சாகிற வழியாக இல்லை.

அவன் ஒன்றும் அக்காவுக்குச் சொந்தக்காரன் இல்லை. எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்னால், அரசனின் தானியக் கிடங்குகளைக் கொள்ளையடித்து ஊர் ஊராகப் பங்கு போட்டுக் கொடுத்தான் என்று சொல்லப்படுகிற காட்டுக் கொள்ளைக்காரன். கடைசியில் கூட இருந்தவனே காட்டிக்கொடுக்க, சந்தைத் திடலில் தூக்குமேடை ஏறி, காவலன் கை படுவதற்கு முன்பே தான் நின்ற முக்காலியைத் தானே உதைத்துத் தள்ளி உயிரை விட்டான். கதை அவ்வளவுதான். சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது தொலைக்காட்சிக்காரர்களுக்குத் தெரியவில்லையே என்பதுதான் அக்காவின் தலைவலி.

கருங்காட்டான் தொடரின் படப்பிடிப்புத் தளத்தில் அக்கா என்றால் ஒரே ஓர் அக்காதான். அவளைவிட வயதில் மூத்த இயக்குநருக்கும் அவள் அக்காதான். கேமராவுக்கு ஓரமாக, லென்ஸில் விழாத இடத்தில், ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து, நடிகர்கள் பேச வேண்டிய வசனத்தை வரிவரியாகச் சொல்லிக்கொடுப்பது அவள் வேலை. அவள் சொல்வாள், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். குரலெல்லாம் பிற்பாடு டப்பிங்கில் சேர்ப்பதால் அவள் உரக்கச் சொன்னாலும் பாதகமில்லை.

இந்த வேலையில் ஒரு நெளிவுசுளிவு உண்டு. வசனத்தை உணர்ச்சியே இல்லாமல் சொல்ல வேண்டும். காதலோ சாபமோ ஒப்பாரியோ, எல்லாம் அக்காவின் வாயில் பஸ் நிலைய அறிவிப்பு மாதிரிதான் வரும். "நானே அழுதுட்டா அவங்க எதுக்கு?" என்பாள். கணவர் போன பிறகு மகளைத் தனியாளாக வளர்த்து, படிக்கவைத்து, கட்டிக்கொடுத்தது எல்லாம் இந்த மரக்கட்டைக் குரலை வைத்துத்தான்.

கருங்காட்டானாக நடித்தவருக்குத் தோள் அகலம், தாடி அழகு. குதிரையில் ஏறினால் வைத்த கண் வாங்காமல் பார்க்கலாம். வசனம் மட்டும் மண்டையில் நிற்காது. காது வழியாக வந்தது வாய் வழியாகப் போய்விடும், நடுவில் எங்கும் தங்காது. ஒருநாள் அரசனின் கழுத்தில் வாளை வைத்துக்கொண்டு அடுத்த வரிக்காகக் காத்திருந்தார். அந்த நேரம் பார்த்து டீ கொண்டுவந்தவர் அக்காவிடம் சர்க்கரை எவ்வளவு என்று கேட்க, அக்கா பதில் சொன்னாள். உடனே நாயகன் கண்களில் தீப்பொறி பறக்க, "அரைக் கரண்டி போதும்!" என்று கர்ஜித்தார். அரசனாக நடித்தவர் சிம்மாசனத்திலிருந்து சரிந்து சிரித்தார். நாயகனுக்கு மட்டும் யாராவது எடுத்துச் சொல்லும்வரை எதுவும் புரியவில்லை.

மகள் வேறு ஊரில் இருந்தாள். மருமகனுக்குக் கப்பலில் வேலை, கரைக்கு வர நாளாகும். முதல் பிரசவம். ரத்த அழுத்தம் ஏறுகிறது என்று டாக்டர் அவளை ஆஸ்பத்திரியிலேயே படுக்கச் சொல்லிவிட்டார். அக்கா அன்றே கிளம்பியிருப்பாள். ஆனால் கதை முடிவுக்கு வந்துவிட்டது, இந்த வாரம் கருங்காட்டானைத் தூக்கில் போடுகிறோம் என்று மேனேஜர் சொல்லியிருந்தார்.

"தூக்கு முடிஞ்சதும் வந்துடறேன்" என்று பஸ்ஸில் நின்றபடி மகளிடம் போனில் சொன்னாள். பக்கத்தில் நின்றவர் மெல்ல நகர்ந்து போனார்.

அந்த வாரம் தூக்குக் கயிறு அறுந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும்போது எந்தச் சேனல்காரன் நாயகனைக் கொல்லுவான்? அடுத்த முறை புயல் வந்து தூக்குமேடையே சாய்ந்தது. அதற்கடுத்த முறை முகமூடியைக் கழற்றிப் பார்த்தால், தூக்குப் போட வந்தவன் கருங்காட்டானின் பால்ய சிநேகிதன். கட்டிப்பிடித்து அழுதார்கள். அதற்கும் வசனம் சொல்லிக்கொடுத்தது அக்காதான். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தாள்.

மகளுக்குப் பொறுமை போய்விட்டது. "ஊரார் எல்லாருக்கும் வசனம் சொல்லிக் குடு. நான் ஸ்கூல் மேடையில வசனம் மறந்து முழிச்சேனே, அன்னிக்கும் நீ ஷூட்டிங்லதான் இருந்தே. உனக்கு அந்தத் திருடன்தான் முக்கியம்."

"அப்படியெல்லாம் பேசாதேடி."

"வேற எப்படிப் பேசறது? வரியை நீயே சொல்லேன், திருப்பிச் சொல்றேன்."

அக்காவுக்கு ஒரு வரியும் வரவில்லை. மகள் போனை வைத்துவிட்டாள்.

மேனேஜரிடம் லீவு கேட்காமல் இல்லை. அவரும் மாற்று ஏற்பாடு செய்து பார்த்தார். நாடகப் பயிற்சி பெற்ற ஒரு பெண் வந்தாள். அற்புதமாக வாசித்தாள், குரல் தழுதழுத்தது, கண்ணில் நீர் தளும்பியது. நாயகன் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "ரொம்ப நல்லாப் பேசறீங்க" என்று பாராட்டினார். திருப்பிச் சொல்ல மறந்துபோனார். மத்தியானத்துக்குள் அந்தப் பெண் வீட்டுக்குப் போய்விட்டாள், அக்கா முக்காலிக்குத் திரும்பினாள்.

"நடுவுல விட்டுட்டுப் போனீங்கன்னா, அடுத்த தொடருக்குக் கம்பெனி உங்களைக் கூப்பிடாதுக்கா. நான் சொல்லலை, மேலிடம் சொல்லுது" என்றார் மேனேஜர். மேலிடம் என்று அவர் கையைக் காட்டிய இடத்தில் மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது.

நான்காவது தூக்கு நிஜமான தூக்கு என்று சத்தியம் செய்தார்கள். அக்கா பையைக் கட்டி எடுத்துக்கொண்டே வேலைக்கு வந்தாள். பை முக்காலிக்கு அடியில் இருந்தது. தெர்மோகோல் கோட்டைக்கு முன்னால், பிளைவுட் மேடையில், கழுத்தில் கயிறோடு கருங்காட்டான். கீழே கிழிசல் உடையில் ஊர் மக்கள். கேமரா ஓடுகிறது. அக்கா முதல் வரியைச் சொன்னாள், நாயகன் முழங்கினார். இரண்டாவது வரியைச் சொல்ல வாயெடுத்தபோது மேனேஜர் குனிந்து நடந்துவந்து அவள் மடியில் புதுசாக ஒரு தாளை வைத்தார்.

"இன்னிக்கும் தூக்கு இல்லையாம்க்கா" என்று காதோடு சொன்னார். "குதிரைப்படை வந்து காப்பாத்துதாம். இப்பத்தான் எழுதி அனுப்பினாங்க."

அக்காவுக்குள் எதுவோ பொத்துக்கொண்டது. கேமராவையும் மறந்தாள், வேலையையும் மறந்தாள். மேனேஜரைப் பார்த்துத் திரும்பினாள்.

"போதும்ப்பா. விட்டுத்தொலைங்க என்னை."

மேடையிலிருந்து கருங்காட்டான் சொன்னார்: "போதும்ப்பா. விட்டுத்தொலைங்க என்னை."

"எத்தனை தடவைதான் தூக்குல ஏத்தி எறக்குவீங்க?"

"எத்தனை தடவைதான் தூக்குல ஏத்தி எறக்குவீங்க?"

"அங்க என் பொண்ணு தனியாக் கெடக்கா. எனக்கு வேற எதுவும் வேணாம். நான் போகணும்."

அக்காவின் குரல் உடைந்துபோயிருந்தது. இத்தனை வருட வேலையில் முதல் தடவையாக அதில் உயிர் இருந்தது. நாயகன் அந்த உடைசலையும் சேர்த்தே திருப்பிச் சொன்னார். தாடி நடுங்கியது. கண்ணிலிருந்து கிளிசரின் இல்லாமலே நீர் வழிந்தது. கிழிசல் உடைக்காரர்களில் ஒரு பெண்மணி விம்மியது தளம் முழுக்கக் கேட்டது. 'கட்' சொல்ல வேண்டிய இயக்குநர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அப்புறம்தான் எல்லோருக்கும் நடந்தது விளங்கியது. அக்கா வெலவெலத்துப் போய், "ஐயோ, அது வசனம் இல்லீங்க" என்றாள். நாயகன் அதையும் சொன்னார்.

வேலை போயிற்று என்றுதான் அக்கா நினைத்தாள். ஒருவிதத்தில் அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் கெட்ட நேரம் வந்தால் பாராட்டு ரூபத்திலும் வரும் போலிருக்கிறது. சேனல்காரர்கள் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுக் குதித்தார்கள். "கருங்காட்டானுக்கு ஒரு பொண்ணு இருக்கா! இது ஏன் நமக்கு இவ்வளவு நாளாத் தோணலை?" கதையில் இல்லாத மகளைத் தேடிக் கருங்காட்டான் இனி காடு மேடெல்லாம் அலையப் போகிறான், வழியில் பாலைவனம் வேறு உண்டாம். காட்சி அந்த வாரமே ஒளிபரப்பானது. டப்பிங்கில்கூட அந்தப் பேச்சுத் தமிழை மாற்றவில்லை.

"எல்லாம் உங்க புண்ணியம்தான்க்கா" என்று மேனேஜர் பூரித்தார். "கதை இனி ஜாம்ஜாம்னு நீளும்."

அக்காவுக்கு அவர் கழுத்தில் அந்தக் கயிற்றைப் போடலாமா என்றிருந்தது.

ஒளிபரப்பான மறுநாள். பாலைவனத்துக்காக லாரியில் மணல் வந்து கொட்டியிருந்தது. மகளாக நடிக்க ஒரு பெண்ணும் வந்திருந்தாள். ஒத்திகைக்கு முன்னால் அக்காவின் போன் அடித்தது. சண்டைக்குப் பிறகு மகள் தானாகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. அக்கா மணல்மேட்டுக்குப் பின்னால் ஓடினாள்.

"நேத்து வார்டுல எல்லாரும் டிவி பாத்தோம்" என்றாள் மகள். "அந்தத் திருடன் பேசினது நீதானே?"

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"'விட்டுத்தொலைங்க'ன்னு வேற யாரும்மா சொல்லுவா? சின்ன வயசுலேருந்து கேக்கற பேச்சு." அவளுக்கு மூச்சு வாங்கியது. "நர்ஸ் எல்லாம் அவனுக்காக அழுதாங்க. நான் ஏன் அழுதேன்னு யாருக்கும் தெரியாது."

அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவன் எப்பம்மா பொண்ணைப் பாக்கப் போறான்?"

"இன்னும் மூணு மாசம் ஆகுமாம். அவ்வளவு தூரத்துக்கு எழுதி வச்சிருக்காங்க."

"நீ?"

அந்தப் பக்கம் யாரோ கூப்பிட, அழைப்பு அறுந்தது. இந்தப் பக்கம் மேனேஜர் கூப்பிட்டார். அக்கா போய் முக்காலியில் உட்கார்ந்தாள். காட்சி ஆரம்பமானது. அரசனின் வீரர்கள் ஈட்டிகளைக் குறுக்கே நீட்டிக் கருங்காட்டானை மறித்து நின்றார்கள். அக்காவுக்கும் வெளிவாசலுக்கும் நடுவிலும் அவர்கள்தான் நின்றார்கள். நாயகன் மார்பை நிமிர்த்தி, காதை இந்தப் பக்கம் தீட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

மடியில் இருந்த தாளில் ஒரு பக்க வசனம் இருந்தது. அக்கா அதைப் படிக்கவில்லை. எழுந்தாள். எழுந்த வேகத்தில் கால் பட்டு முக்காலி பின்னால் கவிழ்ந்து உருண்டது. அந்த நான்காவது தூக்கிலிருந்து தினமும் கூடவே கொண்டுவந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"நான் என் பொண்ணுகிட்டப் போறேன்" என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. "வழி விடுங்க."

"நான் என் பொண்ணுகிட்டப் போறேன்!" என்று கருங்காட்டான் தளம் அதிர முழங்கினார். "வழி விடுங்க!"

நாயகன் கட்டளையிட்டால் விலகித்தான் வீரர்களுக்கும் பழக்கம். ஈட்டிகள் மேலே போயின. நடுவில் பாதை திறந்தது. அக்கா அந்தப் பாதையில் விடுவிடென்று நடந்து, தெர்மோகோல் கோட்டையைத் தாண்டி, வாசலைத் தாண்டி, பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். பின்னால் மேனேஜர் "அக்கா, அக்கா" என்று கத்தினார். நாயகன் வரி வராமல் மணலில் அப்படியே நின்றார்.

மறுநாள் காலை அக்கா வார்டுக்குள் நுழைந்தபோது மகள் விழித்துத்தான் இருந்தாள். முகம் வீங்கியிருந்தது, கையில் ஊசி குத்தியிருந்தது. பிரசவ அறைக்குக் கொண்டுபோகத் தள்ளுகட்டில் தயாராக நின்றது. அம்மாவைப் பார்த்ததும் அவளுக்கு உதடு துடித்தது. கோபமா அழுகையா என்று அவளுக்கே தெரியவில்லை.

"என்னம்மா, தூக்கு முடிஞ்சுதா?"

"அவன் சாகவே மாட்டாண்டி" என்று அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான்தான் வந்துட்டேன்."