தோட்டத்துச் சாக்கெட்டும் காஞ்சனாவின் ரப்பர் செருப்பும்

குஷாய்குடா கடைத்தெருவில் அன்று அது மூன்றாவது எலெக்ட்ரிக் கடை. துரைராஜுக்குக் கடுப்பு தலைக்கேறிவிட்டது. அப்படி என்ன கேட்டுவிட்டார்? புதிதாக வாங்கிய புல்வெட்டும் மெஷினுக்காகத் தோட்டத்துச் சுவரில் மாட்ட ஒரு பதினாறு ஆம்பியர் சாக்கெட், மழைக்கு மூடி போட்டது. அதற்குத் தோதாக மூன்று பின் ப்ளக். கரண்ட் கசிந்தால் அந்த நொடியே அறுத்துவிடும் பிரேக்கர் ஒன்று. அவ்வளவுதான்.

கடைக்காரர் எடுத்துப் போட்டதோ டிவிக்கு மாட்டுகிற சின்ன சாக்கெட். "மேல ஒரு பாலிதீன் கவர் கட்டிடுங்க அங்கிள். எல்லாரும் அப்படித்தான் செய்யறாங்க."

"எல்லாரும் சாவாங்க, நானும் சாகணுமா? ரிஜக்ட்!"

அந்த ஒற்றை வார்த்தையைச் சொல்லித்தான் மனுஷர் முப்பத்தொரு வருஷம் சம்பளம் வாங்கினார். பக்கத்து எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். ரிட்டயர் ஆன பிறகும் அது நாக்கை விட்டுப் போகவில்லை. வண்டிக்காரனின் கத்தரிக்காயும் ரிஜக்ட், மனைவி காஞ்சனா வைக்கிற ரசமும் ரிஜக்ட். அந்த அம்மாளின் பொறுமையை என்னவென்று சொல்வது!

ஐந்தாவது கடையில் ஒருவழியாக எல்லாம் கிடைத்தது. தானே மாட்டுவதாகக் கிளம்பியவரைக் காஞ்சனா விடவில்லை. "கண் ஆபரேஷன் ஆகி ஒரு மாசம்கூட ஆகலைங்க. பேசாம உக்காருங்க" என்று அடுத்த தெரு எலெக்ட்ரீஷியன் சீனுவைக் கூப்பிட்டாள்.

தோட்டத்துச் சுவரில் ஏற்கெனவே இருந்த பழைய சாக்கெட்டில் செடிக்குத் தண்ணீர் விடுகிற மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. சீனு டெஸ்டரை மோட்டார் மேல் வைத்தான். விளக்கு எரிந்தது.

"நக்கோ, வேணாம் அங்கிள், கிட்ட வராதீங்க!" ஓடிப்போய் மெயினை அணைத்துவிட்டு வந்து சாக்கெட்டைக் கழற்றினான். "எர்த் ஒயரே மாட்டல. கசியற கரண்ட் போக வழியில்லாம மோட்டார் மேலயே நிக்குது. எவன் அங்கிள் இத ஃபிட் பண்ணது?"

 ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை துரைராஜேதான் மாட்டினார். எர்த் ஒயர் ஒரு சாண் குறைந்தது. அடுத்த வாரம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம் என்று மூடி வைத்தார். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை.

இரண்டு வருஷமாகக் காஞ்சனா சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். "மோட்டாரைத் தொட்டா சுருக்குனு இழுக்குதுங்க." கேட்டாரா? நரம்புத் தளர்ச்சி என்று இவரே முடிவு கட்டி, டாக்டரிடம் அழைத்துப் போய்ப் பத்து ஊசி போடவைத்தார். ரப்பர் செருப்புப் போட்டால் இழுப்பதில்லை என்று அவள் கண்டுபிடித்தபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

அந்தச் செருப்பைத்தான் இப்போதும் போட்டுக்கொண்டு, ஈரப் புல்லில் நின்றுகொண்டிருந்தாள்.

"அப்ப என் நரம்புல ஒரு கோளாறும் இல்ல?"

"இல்ல காஞ்சனா." துரைராஜ் ஒப்புக்கொண்டார். "தப்பு என்னுதுதான்."

"கடை கடையாப் போய் ஒரு வார்த்தை சொன்னீங்களே, அத இங்கயும் சொல்லுங்க."

சீனு தலையைக் குனிந்துகொண்டான். துரைராஜ் தான் மாட்டிய சாக்கெட்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். முப்பத்தொரு வருஷத்தில் அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து இத்தனை சிரமப்பட்டு வந்ததில்லை.

"ரிஜக்ட்" என்றார்.