அம்மா போட மறுத்த பாலிசி

எங்கள் அம்மா கர்த்தருக்குள் இளைப்பாறச் சென்று ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உங்களில் பலருக்கு அவர்களைக் காருக்கும் லாரிக்கும் இன்சூரன்ஸ் போட்டுக் கொடுத்த ஏஜெண்டாகத் தெரியும்.

அம்மா நாசரேத்தில் ஆசிரியர் குடும்பத்தில் பிறந்தார்கள். திருமணமாகி மில்லர்புரம் வந்தார்கள். துறைமுகத்தில் வேலை பார்த்த அப்பா மாரடைப்பில் காலமானபோது நான் பள்ளிப் பிள்ளை. பிறகு அம்மா ஏஜெண்ட் பரீட்சை எழுதி, ஸ்கூட்டரில் லாரி ஷெட்டுகளுக்கும் டாக்ஸி ஸ்டாண்டுக்கும் அலைந்தார்கள். பாலிசி முடியும் முன்பே, "அண்ணாச்சி, இதப் போட்டுட்டு வண்டிய எடுங்க" என்று போன் செய்வார்கள். விபத்து என்றால் பிணவறை வாசல்வரை உடன் நிற்பார்கள்.

அம்மாவின் ஒரே தம்பி, எங்கள் மாமா, வாடகைக் கார் ஓட்டினார். அந்த வருடம் அம்மா பலமுறை சொல்லியும், "அடுத்த வாரம் போட்டுக்கிடலாம்க்கா" என்று தள்ளிப்போட்டார். பாலிசி காலாவதியான சில நாளில், விடியற்காலையில், தருவைகுளம் சாலையில் சைக்கிளில் வந்த மீனவர்மீது கார் மோதியது. மாமாதான் அவரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார். உயிர் இல்லை. அங்கிருந்தே அம்மாவுக்குப் போன் செய்தார்.

"யக்கா, யாரும் பாக்கல. போலீஸும் இன்னும் வரல. இப்பவே பாலிசியப் போட்டிரு. மோதின நேரத்த நான் மாத்திச் சொல்லிக்கிடுதேன்."

"ஏலே, ஒரு ஆளு செத்துக் கெடக்காரு."

"அவரு வீட்டுக்கும் கம்பெனிதானக்கா குடுக்கும்."

"பொய் சொல்லி நான் போட மாட்டேன். நீ ஸ்டேஷனுக்குப் போ. நானும் வாரேன்."

அம்மா போனார்கள். மாமா அவர்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

அடக்கம் முடிந்தபின் அம்மா அந்த மீனவர் வீட்டுக்குப் போய், தாம் யார் என்பதையும் நடந்ததையும் மறைக்காமல் சொன்னார்கள். நானும் உடனிருந்தேன். அவர் மனைவி அழாமல் கேட்டார்: "நீங்க போட்டிருந்தா எம் பிள்ளையளுக்குக் கெடச்சிருக்கும்லா? யாருக்காகப் போடாம விட்டிய?"



வழக்கின் முடிவில் இழப்பீடு முழுவதும் மாமா தலையில் விழுந்தது. காரும் வீடும் போயின. அப்படியும் அந்தப் பிள்ளைகளுக்குச் சேரவேண்டியது முழுதாகச் சேரவில்லை. மாமா உடன்குடிப் பக்கம் வாடகை வீட்டுக்குக் குடிபோனார். எங்கள் வீட்டு நல்லது கெட்டது எதற்கும் வரவில்லை. கிறிஸ்துமஸ் பலகாரத்தோடு போன அம்மா, உள்ளே ஆள் இருந்தும் திறக்காத கதவுக்கு வெளியே நின்றுவிட்டுத் திரும்பியதும் உண்டு.

புற்றுநோய் முற்றிப் படுத்திருந்தபோது ஒருநாள், "ஏளா, நான் செஞ்சது சரிதானா?" என்று கேட்டார்கள்.

"சரிதாம்மா."

"சரிதான். ஆனா ரெண்டு வீடு போச்சே" என்றார்கள். பிறகு அதைப் பற்றிப் பேசவில்லை. தம்பி வந்தானா என்று மட்டும் கடைசிவரை கேட்டார்கள்.

அம்மாவின் நோயில் துணைநின்ற மருத்துவர்களுக்கும், இரவும் பகலும் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், ஆஸ்பத்திரிக்குக் கார் கொடுத்து உதவிய டாக்ஸி ஸ்டாண்டு சகோதரர்களுக்கும் எங்கள் நன்றி.

அம்மாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் பின்னால் மாமா நின்றிருந்தார். கூட்டம் கலைந்ததும் என்னிடம் வந்து, "என்னையக் கேட்டாளா?" என்றார்.

"கேட்டாங்க மாமா."

மண்ணை ஒரு கை அள்ளிப் போட்டார். வீட்டுக்குக் கூப்பிட்டேன். வராமல் பஸ்ஸுக்கு நடந்தார்.

மாமா, நீங்கள் வந்ததற்கும் எங்கள் நன்றி.